சத்தியமாக இது ஸ்கோடாதான்

(வணிகவியல் பாட முதுகலை ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிந்தைய நேரத்தை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். ஏழாவது பாடவேளையில் வகுப்புக்குள் நுழையும் ஆசிரியரின் நிலை என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் சந்தையிடுகைக் கலவையின் இலக்கணத்தோடு தொடங்காமல், இரண்டு துணுக்குகளோடு தொடங்குகிறேன்.

ஸ்கோடா காரின் மதிப்பை இரண்டு மடங்காக்குவது எப்படி? பெட்ரோல் டேங்கை நிரப்பினால் போதும்.

ஸ்கோடாவின் பின்பக்கக் கண்ணாடியில் சூடேற்றும் கம்பி எதற்கு? வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவரின் கை குளிரில் விறைக்காமல் இருக்க.

சிரித்தீர்கள். நன்றி. இந்த அறையில் இருப்பவர்களில் யாரும் 1980களின் ஸ்கோடாவை ஓட்டியிருக்க வாய்ப்பில்லை. பார்த்திருக்கவும் மாட்டோம். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. பிரிட்டனில் அன்று இந்தத் துணுக்குகளைச் சொல்லிச் சிரித்தவர்களிலும் பலர் நம்மைப் போலத்தான் இருந்திருப்பார்கள். அந்த வண்டியின் ஸ்டீயரிங்கைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள். ஒரு பொருளைப் பற்றிய கருத்து, அந்தப் பொருளைத் தொடாதவர்களிடமே மிக உறுதியாக இருக்கும். இன்றைய உரையின் மையம் இதுதான்.

மேல்நிலை வகுப்பில் விளம்பரம், வணிகக்குறி, நிலைப்படுத்தல் என்று பாடம் நடத்துகிறோம். மறுநிலைப்படுத்தல் என்ற சொல்லும் வரும். ஒரு பொருளுக்கு மக்கள் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் இடத்தை மாற்றி வேறோர் இடத்தைப் பெற்றுத்தருவது என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் என்னென்ன வேலை அடங்கியிருக்கிறது என்பதை ஸ்கோடாவின் கதை போலத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு குறைவு.

கேலிக்கு முன்பு ஒரு பெருமை

ஸ்கோடா நேற்று முளைத்த நிறுவனம் அல்ல. இன்றைய செக் குடியரசில் மிலாடா போலஸ்லாவ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1895இல் வாட்ஸ்லாவ் லாரின், வாட்ஸ்லாவ் கிளெமென்ட் என்ற இரண்டு நண்பர்கள் சைக்கிள் தொழில் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளுக்குப் போனார்கள். 1905இல் முதல் காரைச் செய்தார்கள். உலகின் பழைமையான கார் நிறுவனங்களின் பட்டியலில் இதற்கு இடம் உண்டு.

1925இல் இந்த நிறுவனம் பில்சன் நகரின் ஸ்கோடா தொழிற்சாலையோடு இணைந்தது. எமில் ஸ்கோடா என்ற பொறியாளர் வளர்த்த பெரிய இயந்திரத் தொழிற்சாலை அது. அவருடைய குடும்பப் பெயரே காரின் பெயராயிற்று. இதில் ஒரு வேடிக்கை உண்டு. செக் மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘சேதம்’, ‘ஐயோ பாவம்’ என்றெல்லாம் பொருள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டும் பல பத்தாண்டுகள் அவர்கள் மரியாதையோடு வாழ்ந்தார்கள். பெயரின் அகராதிப் பொருள் ஒரு நிறுவனத்தை ஒன்றும் செய்துவிடாது என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிறுவனம் அரசுடைமை ஆனது. செக்கோஸ்லோவாகியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. மேற்கு ஐரோப்பிய நிறுவனங்கள் புதிய இயந்திரங்களையும் புதிய வடிவமைப்புகளையும் கொண்டுவந்த காலத்தில் ஸ்கோடாவுக்கு அந்த முதலீடு கிடைக்கவில்லை. 1964இல் எஞ்சினைப் பின்பக்கம் வைத்த ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் எஞ்சினை முன்னால் வைத்து முன்சக்கரங்களை இயக்கும் முறைக்கு மாறிய பிறகும், ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் அந்தப் பின்பக்க எஞ்சின் அமைப்பையே வெவ்வேறு உடல்களுக்குள் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பிரிட்டனில் அவை மலிவாகக் கிடைத்தன. புதுக் கார் வாங்க வேண்டும், ஆனால் கையில் பணம் குறைவு என்றிருந்தவர்கள் வாங்கினார்கள். துணுக்குகள் பிறந்தது இந்தக் காலத்தில்தான். துணுக்கு எழுதியவர் காரைக் கேலி செய்தார். ஆனால் கேலி போய் விழுந்தது காருக்குள் உட்கார்ந்திருந்தவர் மேல். அவருடைய வருமானத்தின் மேல் என்றும் சொல்லலாம்.

வண்டி மாறியது, பெயர் மாறவில்லை

1989இல் செக்கோஸ்லோவாகியாவில் ஆட்சி மாறியது. ஸ்கோடாவுக்கு வெளிநாட்டுக் கூட்டாளி தேடினார்கள். பிரான்சின் ரெனோவும் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனும் போட்டியிட்டன. 1991 ஏப்ரலில் ஃபோக்ஸ்வாகன் உள்ளே வந்தது. முதலில் சிறு பங்கு. படிப்படியாகக் கூட்டி 2000இல் முழு உரிமை.

இனி நிகழ்ந்ததைப் பாருங்கள். 1994இல் ஃபெலிசியா என்ற கார் வந்தது. 1996இல் ஆக்டேவியா. இந்த ஆக்டேவியாவின் அடித்தளம், ஃபோக்ஸ்வாகனின் புகழ்பெற்ற கோல்ஃப் காரின் அடுத்த தலைமுறைக்காக உருவானதே. 1999இல் ஃபேபியா. இதன் அடித்தளம் ஃபோக்ஸ்வாகனின் சொந்தக் காரான போலோவுக்குக் கிடைப்பதற்கு முன்பே ஸ்கோடாவுக்குக் கிடைத்தது. தாய் நிறுவனத்தின் செல்லப் பிள்ளைக்கு முன்னதாகவே, ஊரார் கேலி செய்த பிள்ளைக்குப் புதுச்சட்டை தைத்துக் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் ‘வாட் கார்’ இதழ் 2000ஆம் ஆண்டின் சிறந்த காராக ஃபேபியாவைத் தேர்ந்தெடுத்தது. வாங்கியவர்களும் திருப்தியாக இருந்தார்கள். வாடிக்கையாளர் திருப்திக் கணக்கெடுப்புகளில் ஸ்கோடா முன்வரிசையில் நின்றது.

பொருள் தரமானது. விலை நியாயமானது. நாம் பாடத்தில் நடத்தும் கலவையில் இரண்டு கூறுகள் சரியாக அமைந்துவிட்டன. ஆனாலும் 1998இல் பிரிட்டனில் ஆக்டேவியாவை அறிமுகப்படுத்தியபோது, பெரும் விளம்பரச் செலவுக்குப் பிறகும் விற்பனை எழவில்லை. எல்லா நிறுவனங்களும் செய்வதைப் போலத்தான் அந்த விளம்பரமும் இருந்தது. ஜெர்மானியத் தொழில்நுட்பம், நல்ல கட்டுமானம், நம்பலாம் என்றது. மக்கள் காதில் ஏறவில்லை. ஆய்வு செய்து பார்த்தபோது பத்துப் பேரில் ஆறு பேர், ஸ்கோடாவை வாங்குவதைப் பற்றி நினைத்தே பார்க்கமாட்டேன் என்றார்கள்.

‘விலை அதிகம்’ என்றோ ‘மைலேஜ் போதாது’ என்றோ சொன்னால் பதில் சொல்லிவிடலாம். ‘நினைத்தே பார்க்கமாட்டேன்’ என்பவரிடம் என்ன சொல்வது? அவர் கேட்கவே இல்லையே. காது கொடுக்காதவரிடம் நற்பண்புகளை அடுக்கிக்கொண்டே போவது, பூட்டிய வீட்டின் வாசலில் நின்று பிரசங்கம் செய்வது போலத்தான்.

யாருக்காக இந்த விளம்பரம்?

இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கிறேன். ஆக்டேவியாவின் விலைச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நல்ல வண்டிதான், ஆனால் வேண்டாம்’ என்று திரும்பிப்போன ஒருவரைக் கற்பனை செய்யுங்கள். அவரைத் தடுத்தது எது?

வண்டியின் மேல் சந்தேகமாக இருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. நாளைக் காலை அந்த வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தும்போது எதிர்வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? அலுவலக வாகன நிறுத்தத்தில் நண்பர்கள் என்ன துணுக்குச் சொல்வார்கள்? குளியல் சோப்பை யாரும் வீட்டு வாசலில் வைத்துக் காட்டுவதில்லை. கார் அப்படியல்ல. அது தெருவில் நிற்கும் பொருள். வாங்குபவர் ஒருவர், பார்ப்பவர் ஆயிரம் பேர். அந்த ஆயிரம் பேர் சிரிப்பதை நிறுத்தாத வரையில் அந்த ஒருவர் வாங்கமாட்டார்.

இதைப் பாடமாக நடத்தியபோது பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு சிறு பயிற்சி கொடுத்தேன். உங்களுக்குப் பிடித்த ஒரு பொருளை மற்றவர்கள் பார்வையிலிருந்து மறைத்தது உண்டா, ஏன் என்று ஒரு தாளில் எழுதுங்கள், பெயர் எழுத வேண்டாம் என்றேன். செருப்பு, பழைய போன், அண்ணனின் சட்டை என்று பலவும் வந்தன. ஒரு தாளில் இரண்டே வரி இருந்தது. பேருந்தில் போகும்போது அடையாள அட்டையைத் துப்பட்டாவுக்குள் போட்டுக்கொள்வேன். எந்தப் பள்ளி என்று யாராவது கேட்டால் பக்கத்துத் தனியார் பள்ளியின் பெயரைச் சொல்வேன் என்று அந்த மாணவி எழுதியிருந்தாள். ‘ஆனா எனக்கு நம்ம ஸ்கூல் பிடிக்கும் சார்’ என்று கீழே சேர்த்திருந்தாள்.

விளம்பரப் பாடத்தில் நான் நடத்த வேண்டிய முக்கியமான பகுதியை அந்தத் தாள் எனக்கு நடத்திக் காட்டியது. அவளுக்குப் பள்ளியின் தரத்தில் குறை இல்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம்தான் அவளுக்குப் பிரச்சினை.

கேலியைக் கையில் எடுத்தவர்கள்

2000ஆம் ஆண்டில் ஃபேபியாவைப் பிரிட்டனில் விற்கும் பொறுப்பு வந்தபோது, லண்டனிலுள்ள ஃபாலன் என்ற விளம்பர நிறுவனம் வேறு வழியில் போனது. ஊர் முழுவதும் சிரிக்கிறது என்பதை மறைக்காமல், அதையே விளம்பரத்தின் கதையாக்கியது.

ஒரு தொலைக்காட்சி விளம்பரம் இப்படிப் போகும். ஒருவர் தம் புதிய காரை எடுக்க வாகன நிறுத்தத்துக்குத் திரும்பி வருகிறார். காவலாளி தயங்கித் தயங்கி அவரிடம் வருகிறார். முகத்தில் வருத்தம். யாரோ விஷமக்காரப் பையன்கள் உங்கள் அழகான காரில் ஸ்கோடா முத்திரையை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்கிறார். அவ்வளவுதான் கதை.

இன்னொன்று, தொழிற்சாலையைச் சுற்றிப்பார்க்க வந்த ஒரு பெரிய மனிதரைப் பற்றியது. புதிய கார்களைப் பார்த்து வியக்கிறார், பாராட்டுகிறார். பிறகு, நீங்கள் அந்தச் சிரிப்பூட்டும் ஸ்கோடா கார்களையும் செய்கிறீர்களாமே என்று கேட்டுவிடுகிறார். அவரை அழைத்துவந்தவர்களின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிவில் வரும் வாசகத்தைத் தமிழில் சொன்னால்: ‘இது ஸ்கோடாதான். சத்தியமாக.’

கவனியுங்கள். இந்த விளம்பரங்களில் ஸ்கோடாவைப் பற்றி ஒரு புகழ்மொழியும் இல்லை. எத்தனை குதிரைத்திறன், எத்தனை மைலேஜ் என்ற கணக்கும் இல்லை. இருப்பது ஒரு சிரிப்பு. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? காரைப் பார்த்து அல்ல. அந்தக் காவலாளியைப் பார்த்து, அந்தப் பெரிய மனிதரைப் பார்த்து. கண்ணெதிரே நல்ல கார் நிற்கிறது. தலைக்குள் பழைய செய்தி நிற்கிறது. இரண்டும் மோதும்போது அவர்கள் கண்ணை நம்பாமல் பழைய செய்தியை நம்புகிறார்கள். இருபது ஆண்டுகளாகக் கேலியின் இலக்காக இருந்த கார் விலகிக்கொண்டது. கேலி செய்தவர் அந்த இடத்துக்கு வந்து நின்றார்.

அவர்கள் கெட்டவர்களாகவும் காட்டப்படவில்லை. காவலாளி உண்மையான அக்கறையோடுதான் மன்னிப்புக் கேட்கிறார். அதனால் பார்ப்பவர், ‘நானும் இப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்’ என்று புண்படாமல் தன்னையே பார்த்துச் சிரிக்க முடிகிறது. ‘நீ நினைப்பது தவறு’ என்று சொன்னால் எதிர்வாதம் வரும். சிரிக்க வைத்தால் அவரே திருத்திக்கொள்ள இடம் கிடைக்கும்.

இதற்குத் தொலைக்காட்சி ஏன் தேவைப்பட்டது என்பதும் இப்போது புரியும். கார் வாங்க வாய்ப்புள்ளவர்களுக்கு மட்டும் கடிதம் அனுப்பியிருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் எதிர்வீட்டுக்காரருக்குக் கடிதம் போயிருக்காது. எல்லாரும் பார்க்கும் இடத்தில் வந்தால்தான், ‘இப்போது ஸ்கோடாவைப் பார்த்துச் சிரிப்பவன்தான் பத்தாம்பசலி’ என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது என்பதும் வாங்குபவருக்குத் தெரியும்.

பலன் கிடைத்தது. வாங்கவே மாட்டேன் என்றவர்கள் 60 விழுக்காட்டிலிருந்து 42 விழுக்காடாகக் குறைந்தார்கள். மாணவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்லுங்கள். இவ்வளவு புகழ்பெற்ற விளம்பரத்துக்குப் பிறகும் பத்தில் நான்கு பேர் அசையவில்லை. விளம்பரம் மந்திரமன்று.

வரிசை மாறினால்

இங்கே ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நல்ல விளம்பரம் எடுத்தார்கள், கெட்ட பெயர் போய்விட்டது என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். ஒன்பது ஆண்டுகள் என்ற கணக்கை மறந்துவிடக் கூடாது. 1991இல் ஃபோக்ஸ்வாகன் வந்தது. இந்த விளம்பரம் வந்தது 2000இல். இடையில் நடந்ததெல்லாம் தொழிற்சாலைக்குள் நடந்த வேலை. 1985இன் ஸ்கோடாவுக்கு இதே விளம்பரத்தை எடுத்திருந்தால்? காவலாளி மன்னிப்புக் கேட்டிருப்பார்; உரிமையாளர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருப்பார்.

வரிசை மாறியதால் கெட்ட கதை ஒன்று அமெரிக்காவில் உண்டு. ஓல்ட்ஸ்மொபைல், 1897இல் ரான்சம் ஓல்ட்ஸ் தொடங்கிய நிறுவனம். பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்தில் சேர்ந்தது. 1980களின் நடுவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் கார்களுக்கு மேல் விற்றது. பிறகு விற்பனை சரியத் தொடங்கியது. வயதானவர்கள் ஓட்டும் கார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1988இல் புகழ்பெற்றவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் வைத்து விளம்பரம் எடுத்தார்கள். ‘இது உங்கள் அப்பாவின் ஓல்ட்ஸ்மொபைல் அல்ல’ என்பது அதன் சாரம்.

வாசகம் நாடு முழுவதும் பரவியது. மக்கள் பேச்சுவழக்கிலேயே கலந்துவிட்டது. கார்தான் விற்கவில்லை. காரணம் இரண்டு. வாசகத்தைக் கேட்டு ஆவலோடு காட்சிக்கூடத்துக்கு வந்த இளைஞர், அங்கே நின்ற கார் அப்பாவின் காரைப் போலவே இருப்பதைப் பார்த்தார். அதுவரை விசுவாசமாக வாங்கிக்கொண்டிருந்த அப்பாவோ, தம்மைத்தான் அவமதிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். புதியவர் வரவில்லை, பழையவர் மனம் புண்பட்டது. பின்னாளில் நல்ல கார்கள் வந்தும் பயனில்லை. 2000 டிசம்பரில் அந்தப் பெயரையே கைவிடுவதாக ஜெனரல் மோட்டார்ஸ் அறிவித்தது. 2004இல் கடைசிக் கார் வெளிவந்தது. ஸ்கோடா தலைநிமிர்ந்த அதே ஆண்டில் ஓல்ட்ஸ்மொபைலுக்கு முடிவுரை எழுதப்பட்டது.

நம் நாட்டு எடுத்துக்காட்டு மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். டாட்டா நானோவை 2008இல் காட்டியபோது ‘ஒரு லட்ச ரூபாய் கார்’ என்று உலகமே பேசியது. இருசக்கர வாகனத்தில் நான்கு பேராக நெருக்கி உட்கார்ந்து போகும் குடும்பத்துக்குப் பாதுகாப்பான வாகனம் என்பதே அதன் பின்னிருந்த எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் மக்கள் மனத்தில் நின்றது ‘மலிவு’ என்ற ஒரே சொல். கடன் வாங்கியாவது கார் வாங்கும் குடும்பம், ஊரிலேயே மலிவான காரை வாங்கினோம் என்று அறிவித்துக்கொள்ள விரும்பவில்லை. மலிவான கார் என்று அதை முன்னிறுத்தியது தவறு என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். பிறகு பவர் ஸ்டீயரிங் சேர்த்தார்கள். 2015இல் பின்கதவு திறக்கும்படி மாற்றினார்கள். இளைஞர்களுக்கான நகர்ப்புறக் கார் என்று வண்ணமயமாக விளம்பரம் செய்தார்கள். முதலில் பதிந்த சொல் அழியவில்லை. சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றுபோனது.

மூன்று கார்களையும் கரும்பலகையில் மூன்று பத்தியாகப் போட்டு, பொருள் எப்போது மாறியது, விளம்பரம் எப்போது மாறியது, கேலியை ஒப்புக்கொண்டார்களா, மறுத்தார்களா என்று மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். மறுநிலைப்படுத்தல் என்பதற்கு நாம் இலக்கணம் சொல்லவே தேவையிருக்காது.

இன்னும் இரண்டு செய்திகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்கோடா இந்தியாவில் 2001இல் ஔரங்காபாத் அருகே தொழிற்சாலை அமைத்து ஆக்டேவியாவை விற்கத் தொடங்கியது. நம் ஊரில் அது வசதியானவர்களின் கார். பிரிட்டனில் மறைக்க நினைத்த அதே முத்திரை, இங்கே மருத்துவர்களும் தொழிலதிபர்களும் பெருமையாகக் காட்டிக்கொண்ட முத்திரை. காரும் பெயரும் ஒன்றுதான். அந்தத் துணுக்குகள் நமக்கு வந்து சேரவில்லை, வேறுபாடு அவ்வளவுதான்.

இரண்டாவது, 2007இல் பிரிட்டனில் புதிய ஃபேபியாவுக்கு வந்த விளம்பரம். முழு அளவுக் கார் ஒன்றைக் கேக்காலேயே செய்து காட்டினார்கள். அதில் பழைய கேலியைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. தன்னைத்தானே கேலி செய்துகொள்வது ஒரு கட்டம் வரைதான் உதவும். எந்நாளும் அதையே செய்துகொண்டிருந்தால், மறக்க நினைப்பவருக்கும் நாமே நினைவூட்டிக்கொண்டிருப்போம்.

காவலாளி நான்தான்

முடிக்கும் முன்பு ஒன்று சொல்ல வேண்டும். இது பாடத்திட்டத்தில் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு பதினொன்றாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பத்தாம் வகுப்பில் தட்டுத்தடுமாறித் தேறி வந்தவன். கணக்குப்பதிவியலில் இருப்பாய்வு ஒருநாளும் அவனுக்குச் சமன்பட்டதில்லை. அவனைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு இருந்தது. அதற்குக் கூடவே ஒரு சிரிப்பும் இருந்தது. அரையாண்டு விடுமுறை முடிந்து வைத்த முதல் தேர்வில் இறுதிக் கணக்குகள் வினாவை முழுமையாகச் செய்திருந்தான். இருப்புநிலைக் குறிப்பின் இரு பக்கமும் காசு பிசகாமல் ஒத்துவந்தன. நான் விடைத்தாளைக் கொடுக்கும்போது கேட்டது ஒரே கேள்வி: ‘யாரைப் பார்த்து எழுதினே?’

அவன் பதில் சொல்லவில்லை. விடுமுறை முழுவதும் அவனுடைய மாமா வேலை செய்யும் கடையில் உட்கார்ந்து கணக்குப் புத்தகம் எழுதக் கற்றுக்கொண்டான் என்பது ஒரு மாதம் கழித்து வேறொரு பையன் மூலம் தெரிந்தது. கூப்பிட்டு, ‘அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா’ என்றேன். ‘நீங்க அதைக் கேக்கலையே சார்’ என்றான்.

நல்ல கார் கண்ணெதிரே நிற்கிறது. யாரோ தவறான முத்திரையை ஒட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறார் காவலாளி. நல்ல விடைத்தாள் கையில் இருக்கிறது. யாரையோ பார்த்து எழுதிவிட்டான் என்று நினைத்தேன் நான். காவலாளியாவது மன்னிப்புக் கேட்டார். அந்த விளம்பரத்தைப் பற்றி வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், கொஞ்சம் உறுத்தும்.

பழைய செய்தியைச் சுமந்துகொண்டு திரிபவர் வெளியே எங்கோ இருக்கிறார் என்று நாம் நினைக்கிறோம். அரசுப் பள்ளி என்றதும் முகம் சுளிக்கும் பேருந்துப் பயணியைப் பற்றி வருத்தப்படுகிறோம். வருத்தப்பட வேண்டியதுதான். சேர்க்கைப் பேரணி போவதோடு, அவரைப் பள்ளிக்குள் அழைத்து ஆய்வகத்தையும் நூலகத்தையும் பிள்ளைகளையும் பார்க்க வைப்பதுதான் அவருக்கான நல்ல விளம்பரம். பெற்றோரை மட்டுமல்ல, பெற்றோரின் பக்கத்து வீட்டுக்காரரையும் ஆண்டுவிழாவுக்கு அழையுங்கள். ஆனால் கழிவறையைச் சரிசெய்த பிறகு அழையுங்கள். ஓல்ட்ஸ்மொபைல் சொல்லும் பாடம் அது.

அதே வேளையில், நம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி நம்மிடம் இருக்கும் செய்தி எந்த ஆண்டின் செய்தி என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம். ஸ்கோடா தன்னைப் பற்றி நாட்டுக்குச் சொல்ல ஒரு விளம்பர நிறுவனத்தை அமர்த்திக்கொண்டது. அந்தப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அவன் மாறியிருக்கிறானா என்று நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்த மாதம் விளம்பரப் பாடம் நடத்தும்போது, வண்டிப் படங்களின் முத்திரையைத் தாளால் மறைத்துவிட்டு வகுப்பில் காட்டி, எதை வாங்குவீர்கள், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு மறுபடியும் கேளுங்கள். எத்தனை பேர் மனம் மாறுகிறார்கள் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். அடுத்த பயிற்சியில் சந்திக்கும்போது அந்தக் கணக்கை நாம் பகிர்ந்துகொள்ளலாம்.